நீடாமங்கலம் கேட்

பதினொன்று நாற்பதுக்குத் தூங்கிப்போனார் தியாகேசன்.
அதுவரை திரையில் கோடு
காற்றில்லாத குட்டை.
பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு.
பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக்கொண்டேன்.

மண்டையோட்டில் ஒரு துளை,
ஒரு நெல்மணி நுழையும் அளவு.
அதில் இறங்கியிருக்கும் கம்பி
உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று
எனக்குச் சொல்கிறது,
அவருக்குச் சொல்வதில்லை.

நடை போய்விட்டதென்று வந்தவர்.
"நாத்தங்கால்ல வச்ச காலு மாதிரி சார்,
தூக்குனா சேறும் கூடவே வருது."
மன்னார்குடி தஞ்சாவூர் தடத்தில்
முப்பத்தோரு வருடம்
கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால்.
இப்போது சில காலைகளில்
மனைவியின் பெயர் வருவதில்லை.
"இந்தா" என்று கூப்பிட்டுச் சமாளிக்கிறார்.
அவர் சமாளிப்பது
நீலாயதாட்சிக்குத் தெரியும்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்:
தூங்கட்டும்.
அலை வருகிறதா பார், எண்ணி வை.
நிறைய வந்தால் குழாய் வைக்கலாம்,
மண்டையிலிருந்து வயிற்றுக்கு
தோலுக்கடியில் ஒரு கன்னி வாய்க்கால்.
வராவிட்டால்
என்று தொடங்கிய வாக்கியத்தை
அவருடைய செல்போன் முடித்துவைத்தது.

பன்னிரண்டே காலுக்கு முதல் அலை.
பதின்மூன்று. பதினாறு. பத்தொன்பது. இருபத்திரண்டு.
பிறகு சரிவு.

ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன.
மண்டை விரியாது.
இடம் பற்றாத நீர்
கழுத்து வழியே முதுகுத்தண்டுக்கு ஒதுங்குகிறது,
குழாய்கள் சுருங்கியதும் திரும்பி ஏறுகிறது.
இதயம் இல்லை இது,
அது அறுபத்தெட்டில் தன்பாட்டுக்கு ஓடுகிறது.
மூச்சும் இல்லை.
இரண்டையும்விட நிதானமான ஒன்று,
நிமிடத்துக்கு ஒரு தரம்,
சில சமயம் ஒன்றரைக்கு.

நான்காவது அலையில் பிடிபட்டது எனக்கு,
இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று.
மணி அடிக்கும். கட்டை இறங்கும்.
முதலில் ஒரு சைக்கிள்,
அதன்பின் நெல் மூட்டை லாரி,
வேளாங்கண்ணி வேன், ஒரு ஆம்புலன்ஸ்,
சந்துக்குள் மூக்கை நுழைக்கும் மினி பஸ்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் அதே நெரிசல்.
சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாகக் கடக்கும்.
கட்டை ஏறும்.
திட்டிக்கொண்டே எல்லாம் கரையும்.
எத்தனை ஆயிரம் தரம் இவர் அங்கே
விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டீக்கு இறங்கியிருப்பார்.
இன்று ராத்திரி
கேட்டும் இவர்தான், பஸ்ஸும் இவர்தான்.
டீ மட்டும் இல்லை.

மூன்று மணிக்குக் கோடு படுத்துவிட்டது.
பத்து நிமிடம். இருபது.
கம்பியைச் சரிபார்த்தேன், ஒயரைச் சரிபார்த்தேன்.
யாருடைய மண்டையில் அழுத்தம் ஏற வேண்டுமென்று
வேண்டிக்கொண்டிருக்கிறேன் நான்?

கண்ணாடிக் கதவைத் திறந்தாள் நீலாயதாட்சி,
தலையில் துண்டு, கையில் செருப்பு.
மூன்று இருபத்தாறு. கோடு மறுபடி ஏறத் தொடங்கியது.
வெகுநேரம் பார்த்தாள்.
"நாப்பது வருசம் பக்கத்துல படுத்திருக்கேன்,
இது எனக்குத் தெரியும்."
இல்லைம்மா, நீங்க சொல்றது மூச்சு, என்றேன்.
"சரி" என்றாள்.
போகவில்லை.

வராந்தாவில் பாய் விரித்த முப்பது பேர்,
வாட்ச்மேன், அவருடைய நாய்,
வெண்ணாற்றுப் பாலத்தடியில் லாரி கிளீனர்,
எல்லோருக்குள்ளும் இது
ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்,
ஒருவர் ஏற்றம் இன்னொருவர் இறக்கத்தோடு சேராமல்.
கம்பி போட்டது இவருக்கு மட்டும்.
எனக்குள் என்ன ஓடுகிறதென்று தெரிய
நான் தூங்க வேண்டும்,
தூங்கினால் யார் எண்ணுவது?

ஐந்து பத்துக்குக் கண் விழித்தார்.
கட்டுப்போட்ட தலை, காய்ந்த உதடு.
என் மடியில் கிடந்த நோட்டில்
ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகளைப் பார்த்தார்.
"எத்தனை ஏறுச்சு?"
நூத்தி எண்பத்தேழு, என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்,
இன்வாய்ஸ் எழுதுகிறவர் மாதிரி.

"இறங்குனது?"